மூட்டையோடு போன ஏழாம் இதழ்

சின்னம்மைக்கு ஒரு கிண்ணம் கஞ்சி கொடுத்து முடிக்க அரை மணி நேரம் ஆகும். முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்த்தி, தாடையைச் சற்றுக் கீழே இறக்கி, ஒரு கரண்டி தொண்டையைத் தாண்டிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த கரண்டி. அவசரப்பட்டால் கஞ்சி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இதை அவள் கணவன் பொன்னுத்துரைக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு நான்கு நாள் பிடித்தது. அவன் கை நடுங்காத கை. தலைமுடி கனத்துக்குக் கோடு இழுக்கிற கை. ஆனால் அந்த நான்கு நாளும் அவன் கரண்டியைப் பிடித்துக்கொண்டு வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

சேரம்பாடிக்கு மேலே ஒரு தனியார் எஸ்டேட்டில் அவர்கள் குடியிருந்தார்கள். அவன் தொழிற்சாலையில் தேயிலை உலர்த்துகிற டிரையரைப் பார்ப்பவன். அவள் கொழுந்து பறிப்பவள். இருவருடைய பெற்றோரும் இலங்கையிலிருந்து வந்தவர்கள். அதனால் தாங்கள் இருந்த வீட்டு வரிசையை மற்றவர்கள் போல லைன் என்று சொல்லாமல் லயம் என்பார்கள். பிள்ளைகள் இல்லை. ஆடி மாத மழையில், கொழுந்து நிறுக்கிற இடத்தில், கூடையை இறக்கி வைத்த சின்னம்மை அப்படியே சாய்ந்துவிட்டாள். மூளையில் இடப்பக்கம் அடைப்பு. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயின. சுல்தான் பத்தேரி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளப் பழக்கிவிடத்தான் கூடலூரிலிருந்து வீட்டு நர்ஸாக என்னை அனுப்பினார்கள். வாரத்தில் நான்கு நாள் போவேன்.

இவர்கள் இருவரும் சேர்ந்து படக்கதைப் புத்தகம் போடுகிறவர்கள் என்று எனக்குத் தெரியாது. முதல் நாள் படுக்கை விரிப்பு மாற்றும்போது மெத்தைக்கு அடியில் மஞ்சள் அட்டை போட்ட ஆறு புத்தகங்கள் இருந்தன. 'பத்து வீட்டு லயம்' என்று தலைப்பு. ஈரம் பட்டு ஓரம் சுருண்டிருந்தது.

"இதுங்க எதுக்கு இங்கே? முதுகில் உறுத்தினால் புண்ணாகும்" என்றேன்.

"மழைக்கி வேற எங்கக்கா வைக்க? அவ ஒடம்புச் சூட்டுலதான் காயணும்" என்றான் பொன்னுத்துரை.

நான் எடுத்து அலமாரியில் வைத்தேன். மதியம் அவள் தூங்கும்போது சும்மா உட்கார முடியாமல் முதலாவதைப் புரட்டினேன். நான் கதை படிக்கிறவள் இல்லை. மருந்துச் சீட்டும் பஸ் நேரமும்தான் என் படிப்பு. ஆறையும் மூன்று மதியத்தில் முடித்துவிட்டேன்.

கதை இதுதான். ஒரு லயத்தில் பத்து வீடுகள். முதல் வீட்டில் ராக்கு என்கிற பெண் இருக்கிறாள். சமைக்கும்போது அவள் வீட்டில் ஏதாவது ஒன்று தீர்ந்துபோகும். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவாள். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் வேறொரு வருஷம் நடக்கிறது. நான்காம் வீட்டில் இலங்கையிலிருந்து கப்பல் ஏறப் போகிறவர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே கழுத்தில் நம்பர் அட்டை தொங்கும் ஒரு சிறுமி ராக்குவுக்கு மிளகாய் எடுத்துத் தருகிறாள். அவள் ராக்குவின் அம்மாதான் என்று நமக்குத் தெரியும், ராக்குவுக்குத் தெரியாது. ஏழாம் வீட்டில் எஸ்டேட் துரையின் நாய் தொலைந்துபோய், லயமே வேலையை விட்டுவிட்டு நாய் தேடுகிறது. அந்த இதழைப் படித்து நான் தனியாகச் சிரித்தேன். ஒன்பதாம் வீட்டில் இனி வரப்போகிற ஒரு வருஷம். ஆள் யாரும் இல்லை. கவாத்து செய்ய ஆளில்லாமல் தேயிலைச் செடிகள் எல்லாம் காட்டு மரமாக வளர்ந்து நிற்கின்றன. அங்கே யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ராக்கு வெறும் கிண்ணத்தோடு திரும்புகிறாள். ஆறாவது இதழ் அங்கே முடிகிறது. பத்தாம் வீடு மட்டும் பாக்கி.

"அந்தப் பத்தாம் வீட்டில் என்னதான் இருக்கிறது?" என்று கேட்டேன்.

அவன் எழுந்து கரண்டியைக் கழுவப் போய்விட்டான். அப்போதுதான் என்னமோ நடந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது.

அவர்கள் வேலை செய்யும் முறை ஒரு மாதிரியானது. கதையை அவள் தேயிலைக் காட்டில் பறிக்கும்போதே யோசித்து வைப்பாள். சாயங்காலம் அவனிடம் படத்தை மட்டும் சொல்வாள்: இங்கே ராக்கு நிற்கிறாள், இங்கே ஒரு கிழவி, இங்கே வாயைத் திறக்கிறாள். அவன் வரைவான். பேச்சு எழுதுகிற இடத்தை வெறும் வட்டமாக விட்டுவிடுவான். அதற்கு அவர்கள் வைத்த பெயர் முட்டை. எல்லாப் பக்கமும் வரைந்த பிறகு முட்டைகளை நிரப்புவது அவள் வேலை. அவள் எழுதியதை அவன் படிக்க மாட்டான். கடைவீதியில் சர்தாரின் ஜெராக்ஸ் கடையில் நூறு பிரதி எடுத்து, மடித்து, பின் அடித்து, முதல் பிரதியைக் கையில் வாங்கி, கடை வாசலில் நின்று படிப்பான். யார் என்ன பேசினார்கள் என்று அப்போதுதான் அவனுக்கே தெரியும். நான்கு வருஷம், ஆறு இதழ், இப்படித்தான்.

ஏழாவதுதான் கடைசி. இருபத்து நான்கு பக்கம் வரைந்தாகிவிட்டது. ஆனி கடைசியில் அவள் முட்டைகளையும் நிரப்பிவிட்டாள். சர்தாரின் மெஷின் பழுது. பாகம் வரப் பத்து நாள் ஆகும் என்றார். அதுவரை மழையில் பக்கங்களைக் காப்பாற்ற வேண்டும். அந்த மழைக்கு லயத்துச் சுவர் வேர்க்கும், அலமாரித் துணியில் பூஞ்சை பிடிக்கும், மசி ஊறி எழுத்து மேகமாகிவிடும். தொழிற்சாலைக்காரன் என்ன செய்வான்? தேயிலைத்தூளைப் போல ஈரம் இழுக்கிற பொருள் வேறில்லை. தொழிற்சாலை மூலையில் ஒரு அரை மூட்டை இருந்தது. எப்போதாவது போடுகிற ஒரு ரகத்தூள். அடுத்த முறை அந்த ரகம் போடும்வரை, மூன்று மாதமோ நான்கு மாதமோ, அது அங்கேயே நிற்கும். இவன் பக்கங்களை பாலிதீன் உறையில் சுற்றி அதற்குள் செருகி வைத்துவிட்டான். முந்தைய மூன்று மழைக்கும் இதையேதான் செய்திருக்கிறான். ஒன்றும் ஆகவில்லை.

இந்த முறை அவன் பத்தேரியில் இருந்த பதினோரு நாளில் யாரோ அந்த ரகத்துக்கு ஆர்டர் கொடுத்தார்கள். மூட்டையை நிரப்பித் தைத்து, மற்ற மூட்டைகளோடு குன்னூர் ஏலத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதை அவன் என்னிடம் சொன்னது ஒரு வியாழக்கிழமை, மத்தியானம், சர்தார் பாயும் அங்கே இருந்தபோது. சர்தார் என்னைவிடக் கொஞ்சம் இளையவர். என்னைச் சிஸ்டரம்மா என்பார். அன்றைக்குக் குன்னூர் போய்விட்டு நனைந்து வந்திருந்தார்.

"குடோன்லதான் கெடக்கு" என்றார் சர்தார், தலையைத் துவட்டிக்கொண்டே. "நம்பர் சொன்னேன், குடோன்காரன் காட்டுனான். கையில தொட்டேன் பொன்னு. உள்ள பேப்பர் இருக்கறது விரலுக்குத் தெரியுது."

"பொறவு ஏன் பாய் வெறுங்கையோட வந்தீங்க?"

"தையலப் பிரிக்கணும்னா உங்க ஃபேக்டரி லெட்டர் வேணுமாம். புதன்கிழமை ஏலம். அதுக்குள்ள கொண்டாந்தா பிரிச்சுத் தர்றேங்கறான். நல்ல மனுசன்தான். டீ வேற வாங்கிக் குடுத்தான். அது நம்ம சேரம்பாடித் தூளவிட மோசம்."

லெட்டர் தர வேண்டியவர் டீ மேக்கர் வேலாமணி. தொழிற்சாலை முழுக்க அவர் பொறுப்பு. அவரிடம் கேட்பதென்றால், விற்கப் போகிற தூளுக்குள் காகிதத்தை மறைத்து வைத்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும்.

"படத்த மறுபடியும் வரைஞ்சுட்டாப் போச்சு" என்றேன் நான்.

"படம் ஏங்கிட்ட இருக்குக்கா. இப்பச் சொன்னாலும் இருபத்து நாலையும் வரைஞ்சிருவேன்" என்றான் பொன்னுத்துரை. "பத்தாம் வீட்டுல ஒரு கெழவி ஒக்காந்திருக்கா. அஞ்சு பக்கம் அவதான் பேசுறா. என்ன பேசுறான்னு எனக்குத் தெரியாதே. நான் படிக்கலியே."

"ஒரு தடவ படிச்சுத் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றார் சர்தார்.

"நீங்க மெஷினப் பழுது பண்ணாம இருந்திருக்கக் கூடாதா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் யோசித்துத்தான் சொன்னேன். வேலாமணியிடம் கேட்க வேண்டாம் என்றேன். இவளை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். சுத்தம் செய்யத் தண்ணீர் வேண்டும், சுடு தண்ணீர் வேண்டும், கதவடைத்த அறை வேண்டும். இந்த மழையில் வீட்டைப் பறிகொடுத்தால் பதினைந்து நாளில் முதுகில் புண் வரும், ஒரு மாதத்தில் சளி கட்டும். காகிதத்துக்காக ஆளைக் கொல்லாதே என்றேன். இனிமேல் இவள் எழுதப் போவதில்லை, அதையும் புரிந்துகொள் என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பினால், சின்னம்மை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படுத்திருப்பவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி மூன்றாம் ஆளிடம் பேசாதே. பயிற்சியில் முதல் நாள், முதல் பாடம். பேச்சு போனவர்களுக்குக் காது போவதில்லை. அதை எத்தனையோ பேருக்கு நானே சொல்லித்தந்திருக்கிறேன். அன்றைக்கு அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கஞ்சியை வாயில் வைத்தால் வழியவிட்டாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பொன்னுத்துரை கரண்டியை வைத்துவிட்டு, "சின்னா, ஒரு வாய், எனக்காக" என்று அரை மணி நேரம் கெஞ்சிய பிறகு வாங்கினாள். என் கையால் வாங்க இன்னும் ஒரு வாரம் ஆனது.

அவன் என் சொல்லைக் கேட்டான். அதுதான் தொந்தரவு. புதன்கிழமை காலை தொழிற்சாலை ஆபீஸ் வாசல்வரை போய், வேலாமணியிடம் மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பி வந்தான். மதியம் சர்தாருக்குக் குன்னூரிலிருந்து செய்தி வந்தது: மூட்டைகள் விற்றுப்போயின, வாங்கினது கீழே சமவெளியில் உள்ள ஒரு கம்பெனி. அவர்கள் முகவரி தேடி சர்தார் போன் போட்டார். ஒரு பெண் எடுத்து, எந்த மூட்டை, எந்த ரகம், நீங்கள் யார் என்று வரிசையாகக் கேட்டாள். சர்தார் பயந்து வைத்துவிட்டார். மறுநாள் பொன்னுத்துரையே சர்தார் கடையிலிருந்து போட்டான். எடுத்ததும், "அம்மா, அதப் பிரிக்கறப்போ உள்ள பேப்பர் இருக்கும், தூக்கிப் போட்றாதீங்க" என்றான். அந்தப் பக்கம் இந்தியில் ஏதோ சொல்லி வைத்துவிட்டார்களாம். பிறகு நாளுக்கு நாலு தடவை போட்டான். யாரும் எடுக்கவில்லை. வேலை நேரத்தில் டிரையர் பக்கத்தில் நின்று சூட்டைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தான். ஒரு நாள் தூள் தீய்ந்து, எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கினான். வீட்டுக்கு வந்தால் சாப்பிட மாட்டான். உட்கார்ந்து கிழவியை வரைவான், பக்கத்தில் வட்டம் போடுவான், அதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். பிறகு கிழித்து அடுப்பில் போடுவான். இரண்டு நோயாளிகளைப் பார்க்க வேண்டியதாயிற்று எனக்கு.

ஆவணி பாதியில் ஒரு காலை, பதினொரு மணி இருக்கும், வேலாமணி வீட்டுக்கே வந்தார். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், உரக்கப் பேசுகிற, கெட்ட மனசில்லாத ஆள். குடையை வாசலில் மடக்கி வைத்துவிட்டு, கட்டிலைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஏனுங்க, அம்மணி எப்படி இருக்குது?" என்று என்னிடம் கேட்டார்.

"அவங்ககிட்டயே கேளுங்க. காது நல்லா கேட்கும்" என்றேன்.

அவர் கட்டில் பக்கம் திரும்பி, "சின்னம்மா, நல்லா இருக்கறயா?" என்றார். அவள் கண்ணை மூடித் திறந்தாள். அவர் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். அதன் பின்னால் ஒரு தாள் பின் அடிக்கப்பட்டிருந்தது. பொன்னுத்துரை அதைப் பார்த்ததும் கிட்டே போனான்.

அது பத்தொன்பதாம் பக்கம்.

கம்பெனியில் மூட்டையைக் கொட்டும்போது காகிதக் கட்டு விழுந்திருக்கிறது. புகார் எழுதி, அத்தாட்சிக்கு ஒரே ஒரு பக்கத்தை இணைத்து அனுப்பியிருந்தார்கள். மற்றதை எல்லாம் குப்பையோடு எரித்துவிட்டதாகக் கடிதத்திலேயே இருந்தது.

"மிச்சம் இருவத்தி மூணும்?" என்றான் பொன்னுத்துரை. கேட்டதையே மறுபடி கேட்டான்.

"அதான் படிச்சுக் காட்டுனனல்லோ! அத உடு. இப்ப நான் சொல்றதக் கேளு." வேலாமணி முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். "முதலாளி யாருன்னு கேக்கறாரு. எனக்குத் தெரியும் நீதான்னு. எஸ்டேட்டுக்கே தெரியும். ஆனா எழுத்துல ஒண்ணுமில்ல. இது என்னுதில்ல, எனக்குப் படம் வரையவே தெரியாதுன்னு ரெண்டு வரி எழுதிக் குடு. எவனோ தற்காலிக ஆளு போட்டுட்டுப் போயிட்டான்னு நான் முடிச்சு உட்டர்றேன்."

"படம் வரையத் தெரியாதுன்னா?"

"பின்ன? பெரிய ரவிவர்மா பேரப்புள்ள பாரு இவன்! ரெண்டு வரிடா. உன்ற ஊடு நிக்கும், வேலை நிக்கும். என்ற தலையும் தப்பும்."

நான் பேனாவை எடுத்து அவன் பக்கம் நீட்டிவிட்டேன். மறைக்க ஒன்றுமில்லை, நீட்டினேன். இருபத்து மூன்று பக்கம் சாம்பலாகிவிட்டது. இனி எதற்காக வீட்டை விட வேண்டும்?

அவன் பேனாவை வாங்கவில்லை. "அந்தப் பக்கத்த ஒருக்கா குடுங்கண்ணே" என்றான். வேலாமணி கடிதத்தோடு சேர்த்துக் கொடுத்தார். அவன் அதைப் படிக்காமல் நேரே கட்டிலுக்குக் கொண்டுபோய்ச் சின்னம்மையின் முகத்துக்கு முன்னால் பிடித்தான்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். இடது கை போர்வைக்குள்ளிருந்து வந்தது. ஒரு விரல் தாளின் மேல் அலைந்து, கீழே இருந்த முட்டையின் மேல் நின்றது. வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதில் எழுத்து எதுவும் இல்லை. நான் வந்து ஒரு மாதத்தில் அவளிடமிருந்து கேட்ட முதல் சத்தம் அது.

பொன்னுத்துரை வேலாமணியிடம் திரும்பினான்.

"இது எங்களுதுண்ணே. நான் வரைஞ்சது, இவ எழுதுனது. நான்தான் மூட்டைக்குள்ள வச்சேன்."

"டேய், கூறுகெட்டவனே..."

"அப்படியே எழுதிக் குடுத்தர்றேன். கையெழுத்தும் போடுறேன். அத்தாட்சிக்குக் கடுதாசி இருந்தாப் போதும்ல? இந்தப் பக்கத்த எனக்குக் குடுத்துருங்க."

"சிஸ்டர், நீங்களாச்சும் சொல்லுங்க. ஒரு காயிதத்துக்கு ஊட்டக் குடுக்கறானே!"

போன முறை நான் சொன்னதை இந்தக் கட்டிலில் ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தாள். ஆகவே இந்த முறை நான் அவளிடம் கேட்டேன். "சின்னம்மா, வீடு போகும். மழைக்கு நடுவே உன்னைத் தூக்கிக்கொண்டு போகணும். வலிக்கும். பக்கம் வேணுமா? வேணும்னா ஒரு தடவை கண்ணை மூடு."

அவள் கண்ணை மூடினாள். நான் எதிர்பார்த்ததை விட இறுக்கமாக, நெற்றி சுருங்கும்படி மூடினாள்.

வேலாமணி பின்னைக் கழற்றிக் கொடுத்தார். போகும்போது குடையை மறந்துவிட்டுப் போய், பாதி வழியிலிருந்து திரும்பி வந்து எடுத்துக்கொண்டார். வீட்டைக் காலி செய்யப் பதினைந்து நாள் வாங்கித் தந்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

நான் அவனைத் திட்டினேன், நிறையவே திட்டினேன். திட்டிக்கொண்டே பழைய கதவு ஒன்றில் மெத்தையைக் கட்டி, அவள் புரளாதிருக்க வேட்டிகளால் சுற்றி, தார்ப்பாய் போர்த்தினேன். ஆறு பேர் தூக்கினார்கள். சர்தார் கடைக்குப் பின்னால் காகிதம் அடுக்கி வைத்திருந்த அறையை அவர் ஒழித்துக் கொடுத்தார். ஜன்னல் இல்லை. ஆனால் மெஷின் ஓடுகிற சுவர் பகல் முழுக்கச் சூடாக இருக்கிறது. முதுகில் புண் இல்லாமல் அந்த மழையைக் கடந்துவிட்டோம். நான் சொன்ன பதினைந்து நாள் கணக்குத் தப்பிவிட்டது. மார்கழியில் மட்டும் ஒருமுறை சளி கட்டி, பிழைப்பாளா என்று நாலு நாள் தெரியவில்லை. வேலை போன பொன்னுத்துரை இப்போது கடைவீதியில் மூட்டை தூக்குகிறான். தோள் இறங்கிவிட்டது. கோடு பழையபடி வருவதில்லை.

அந்தப் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான். ராக்கு பத்தாம் வீட்டுக் கதவுக்கு முன்னால் கிண்ணத்தோடு நிற்கிறாள். மேலே மூன்று கட்டத்தில் மழை. அவள் தட்டுகிறாள். கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு முட்டை, சின்னம்மையின் சாய்ந்த கையெழுத்தில்: "உள்ளுக்கு யாரு? நான் வாங்க வரல, திருப்பிக் குடுக்க வந்திருக்கேன்." அடுத்த பக்கத்தில் கதவு திறக்க வேண்டும்.

கிழவி பேசுகிற ஐந்து பக்கத்தை, இருபது முதல் இருபத்து நான்கு வரை, அவன் முதலில் மறுபடி வரைந்து வைத்திருக்கிறான். தினமும் சாயங்காலம் இருபதாம் பக்கத்தைப் பலகையில் வைத்து, பென்சிலை அவள் இடது கையில் மடித்துப் பிடித்துக் கொடுக்கிறான். கைப்பயிற்சிக்கு நல்லது என்று நானும் விட்டிருக்கிறேன். ஒன்றரை வருஷமாகிறது. சில நாள் ஒரு வளைவு வரும், சில நாள் பென்சில் நழுவிவிடும். எழுத்து ஒன்றும் இதுவரை வரவில்லை. வரும் என்று நான் சொல்லவில்லை. முட்டைகளை வெறுமையாகவே விட்டு அச்சடிக்கலாம் என்றார் சர்தார். நீங்களே ஏதாவது எழுதிவிடுங்கள் என்று ஆறு இதழையும் படித்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் சொல்லியனுப்பினார். இரண்டுக்கும் பொன்னுத்துரை தலையை ஆட்டினான், மாட்டேன் என்று.

ஆகவே கதை ஆறு இதழோடு நிற்கிறது. ஆறும் சேரம்பாடி கடைவீதியில் சர்தார் ஜெராக்ஸில் இருக்கின்றன, கேட்டால் எடுத்துத் தருவார். படித்து முடித்ததும் பத்தாம் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். அவரிடம் கேட்காதீர்கள், என்னிடமும் கேட்காதீர்கள். கடைக்குப் பின்னால் போய், கட்டிலில் இருப்பவளிடமே கேளுங்கள். அவள் பதில் சொல்ல முயல்வாள். அதற்கு நேரமாகும். பாதியில் எழுந்து வராதீர்கள்.